கோட்டில் ஒரே ஒரு பெயர்

அத்தியாயம் 6

பச்சைக் கோட்டு போலீஸ் நிலையத்து மேசை மேல் கிடந்தது. அதன் கழுத்தைச் சுற்றி ஒரு முழு நரியையே தைத்து வைத்திருந்தார்கள். நரியின் முகத்தில் இரண்டு கண்ணாடிக் கண்கள். செத்த பிறகும் அது துப்பறிவாளன் ஐரா ஃபெல்ட்டை முறைத்துக்கொண்டிருந்தது.

"பத்து நிமிஷம்," என்றார் சார்ஜன்ட் மல்வி. "நாலு மணிக்கு அந்தப் பொம்பளை அரசு வக்கீல் முன்னாடி கையெழுத்துப் போடப்போறா. நான்தான் காரை ஏத்தினேன், நான்தான் கொன்னேன்னு. அதோட கேஸ் குளோஸ். நடுவுல நீ எதுக்குய்யா மூக்கை நுழைக்கிற?"

"அவ தங்கச்சி இங்கா என்னை வேலைக்கு வெச்சிருக்கா, சார்ஜன்ட்."

"தங்கச்சி என்ன சொல்றா?"

"வெர்னாவுக்குக் கார் ஓட்டவே தெரியாதாம். பதினாலு வருஷமா டிராம்லதான் போறா, வர்றா."

மல்வி வாய்விட்டுச் சிரித்தார். "நானே கண்ணால பார்த்திருக்கேன்யா! அந்த ஆஸ்பத்திரிப் படத்துல நர்ஸா வந்து, கொட்டற மழையில மலைப்பாதையில என்னமா ஓட்டுவா! என் பொண்டாட்டி பயந்துபோய் என் கையைப் பிடிச்சுக்கிட்டா."

"அந்தக் காருக்கு இன்ஜினே கிடையாது சார்ஜன்ட்," என்றாள் டாட்டி, மென்றுகொண்டிருந்த பபிள்கம்மை ஒரு கன்னத்தில் ஒதுக்கி. "ரெண்டு ஆளுங்க பின்னாடி நின்னு ஆட்டுவாங்க. பாதை ஓடறது பின்னால கட்டின திரையில. நான் பின்சீட்டுல நோயாளியா படுத்துக்கிட்டு சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்தேன்."

டாட்டி, ஃபெல்ட்டின் உதவியாளர். அதற்கு முன் ஆறு வருடம் ஹாலிவுட் படங்களில் கும்பலில் ஒருத்தியாக நின்றவள். ரோமாபுரி எரிவதை மூன்று தடவை பார்த்திருக்கிறாள். மூன்று தடவையும் மதியச் சாப்பாடு சரியில்லை என்பாள்.

மல்வி அவள் சொன்னதை நம்பவில்லை. திரையில் பார்த்ததை விட்டுவிட்டு டாட்டி சொல்வதை நம்ப அவருக்கு என்ன பைத்தியமா?

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை இரவு, மலைச்சாலைத் திருப்பத்தில் ஒரு வெள்ளைக் கார், முட்டை வியாபாரி சிப்ரியானோ லூனாவின் தள்ளுவண்டியை இடித்து, அவரையும் இழுத்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. ஆரஞ்சுத் தோட்டக் காவல்காரன் ஒருவன் பார்த்தான். ஓட்டியது பெண், பச்சைக் கோட்டு, கழுத்தில் நரித்தோல். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். திங்கள் மதியம் ஹெலிகான் ஸ்டூடியோவின் ஷெட்டில் கார் கிடைத்தது. பின்சீட்டில் கோட்டு. கோட்டின் கழுத்துக்கு உள்பக்கம் பெயர்ப்பட்டை: வி. டாலிவர். ஸ்டூடியோக் கார்களை ஸ்டூடியோவில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாமாம். மாலையில் வெர்னா டாலிவர், நான்தான் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைக் காட்டினால் தெரியாதவர் கிடையாது. கதாநாயகியின் தோழி, விடுதிக்காரி, நர்ஸ், கதவைத் திறந்து "ஐயா வந்திருக்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அறுபது படத்துக்கு மேல் அவள் கதவு திறந்திருக்கிறாள். அந்தக் கதவு வழியாக மற்றவர்கள் வந்து பேர் வாங்கிப் போனார்கள்.

ஃபெல்ட் கோட்டின் கழுத்தைப் புரட்டினான். அவன் அப்பா தையல்காரர். சின்ன வயதில் மேசைக்கடியில் தவழ்ந்து குண்டூசி பொறுக்கியவன் அவன். பெயர்ப்பட்டையை நீல நூலால் நீள நீளமாக ஓட்டியிருந்தார்கள். பச்சைத் துணிக்கு நீல நூல்! அப்பா பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார். விரலால் தடவினான். பட்டையின் ஓரத்துக்கு வெளியே துணியில் குட்டிக் குட்டியாக ஊசித்துளைகள். இப்போதைய தையலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

"பாஸ், நரிக்கு முத்தம் குடுக்கப் போறீங்களா?" என்றாள் டாட்டி.

"இங்க வேற ஒரு பட்டை இருந்திருக்கு. யாரோ பிரிச்சு எடுத்துட்டு இதைத் தைச்சிருக்காங்க."

"துணி விஷயமெல்லாம் எனக்கு எதுக்குய்யா?" என்றார் மல்வி. "அவளே ஒத்துக்கிட்டா. பத்து நிமிஷம் ஆச்சு. கிளம்பு."

*

ஹெலிகான் ஸ்டூடியோவுக்குள் நுழைய ஃபெல்ட் செத்துப்போக வேண்டியிருந்தது.

முன்வாசலில் துப்பறிகிறவனை விடமாட்டார்கள். பின்வாசலில் டாட்டிக்குத் தெரிந்த ஆள் ஒருவன், ரவுடிப் படம் ஒன்றுக்குப் பிணம் தேடிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடத்தில் ஃபெல்ட்டுக்கு ஒரு கிழிந்த சட்டை மாட்டி, நெஞ்சில் சாக்லேட் பாகை ஊற்றிவிட்டார்கள். கறுப்புவெள்ளைப் படத்தில் ரத்தத்தைவிட சாக்லேட்தான் ரத்தம் மாதிரி தெரியும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஈக்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"பொருத்தமா இருக்கீங்க பாஸ். முகத்துக்கு மேக்கப்பே வேணாம்னுட்டான்."

"வாயை மூடிட்டு வழியைக் காட்டு."

நடக்கும்போதே ஃபெல்ட் கால்சட்டைப் பையில் இருந்த சீட்டை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். காலையில் ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கியது. காவல்காரன் சத்தம் கேட்டது பதினொன்று பத்துக்கு. போனைத் தேடி அவன் தோட்டத்துக்குள் ஓடியிருக்கிறான், ஆபீஸ் பூட்டியிருந்தது. ஆம்புலன்ஸுக்கு முதல் போன் வந்தது பதினொன்று ஐம்பதுக்கு. பேசினவன் பேர் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் போனபோது முட்டைக்காரருக்கு உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில்தான் போயிற்று.

"அந்த நாப்பது நிமிஷம் யாருக்குப் போன் போட்டிருப்பாங்க டாட்டி?"

"இது என்ன கேள்வி? ஸ்டூடியோவுக்குத்தான். இந்த ஊர்ல வீடு பத்திக்கிட்டாகூட முதல் போன் ஸ்டூடியோவுக்கு, அப்புறம்தான் தீயணைப்புக்கு. பென்ஃபீல்ட் 'சரி, கூப்பிடு'ன்னு சொல்லணும்ல?"

லூத்தர் பென்ஃபீல்ட் ஹெலிகானின் விளம்பர அதிகாரி. பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பது அவன் வேலை என்று ஊருக்குப் பேர். கொடுக்காமல் தடுப்பதற்குத்தான் அவனுக்கு அந்தப் பெரிய அறை. ஃபெல்ட்டுக்கு வாயில் ஏதோ கசந்தது. அது சாக்லேட் இல்லை.

*

உடைகள் இருக்கும் கூடம் ஒரு ரயில் நிலையம் அளவு இருந்தது. அதை ஆண்டுகொண்டிருந்தவள் பெர்த்தா கோவாக். ஹங்கேரிக்காரி, கழுத்தில் அளவு நாடா, உதட்டில் ஆறு குண்டூசி.

"நீயா?" என்றாள் டாட்டியைப் பார்த்து. "கன்னியாஸ்திரி அங்கியில கடுகுச் சாந்தைக் கொட்டிக் குடுத்தவதானே நீ?"

"நாலு வருஷம் ஆச்சு அக்கா! கடவுளே மன்னிச்சிருப்பாரு."

"கடவுள் அதைத் துவைக்கலையே. நான்ல துவைச்சேன்? இது யாரு, பிணமா? பிணத்துக்கு உடை மாத்தறது அந்தப் பக்கம்."

"இவரு வெர்னாவுக்காக வந்திருக்காரு," என்றாள் டாட்டி.

பெர்த்தா குண்டூசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்துக் கைப்பட்டையில் குத்தினாள். பிறகு உள்ளே நடந்தாள்.

வழியில் துணியடைத்த பொம்மைகள் வரிசையாக நின்றன. நட்சத்திரத்துக்கு ஒன்று. அவரவர் உடம்பு அளவுக்குச் செய்து, நெஞ்சில் பெயர் தைத்தது. டி. ஹேல் என்று எழுதிய பொம்மை மேல் பாதி வெட்டிய கல்யாண கவுன் ஒன்று தொங்கியது. இடுப்பில் ஒரு சீட்டு: கலங்கரை மணமகள், திங்கள் ஷூட்டிங். டெல்ஃபின் ஹேல் ஹெலிகானின் முதல் நட்சத்திரம். மூன்று நாளாகத் தொண்டைவலி என்று பாலைவன ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னாவோட பொம்மை எது?" என்றான் ஃபெல்ட்.

பெர்த்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை. கடைசி மூலையில் ஒரு கம்பியைக் காட்டினாள். "இதுதான் வெர்னா."

பதினோரு உடைகள் தொங்கின. ஃபெல்ட் முதல் கோட்டின் கழுத்தைப் புரட்டினான். வி. டாலிவர் என்ற பட்டை மூன்று பக்கம் மட்டும் தைத்திருந்தது, கீழ்ப்பக்கம் திறந்திருந்தது. தூக்கினால் அடியில் இன்னொரு பட்டை, வேறு ஒரு நடிகையின் பெயர். அதையும் தூக்கினால் டி. ஹேல். அடுத்ததைப் பார்த்தான். இரண்டு பட்டை. அடுத்தது நான்கு.

"ஏன் பழசைப் பிரிக்கறதில்ல?"

"பிரிச்சா வேலை போயிடும். ஒரே கோட்டு ரெண்டு வருஷத்துக்குள்ள திரையில வந்தா ரசிகருங்க கடிதம் எழுதிடறாங்க, 'இது அவ போட்டதாச்சே'ன்னு. அதனால யார் யார் போட்டாங்கன்னு துணியிலேயே இருக்கணும். பெரியவளுக்குத் தைப்போம். அவ கழிச்சா நடுவுல இருக்கறவ. அவ கழிச்சா வெர்னா. மேல மேல தைச்சுக்கிட்டே போவோம். எவ பேரையும் எடுக்கமாட்டோம்."

"அதாவது எச்சில் தட்டு," என்றாள் டாட்டி.

ஃபெல்ட் ஒரு சாம்பல்நிற கவுனை வெளிச்சத்தில் பிடித்தான். அக்குளில் மஞ்சள் கறை, அதன் மேல் இன்னொரு கறை. ஹேல் வேர்த்த இடத்திலேயே வெர்னாவும் வேர்த்திருக்கிறாள். ஹேலைவிட வெர்னா இரண்டு அங்குலம் அதிக உயரம் என்பதால் கீழே ஒட்டுத்துணி கொடுத்திருந்தார்கள். எவளோ கழற்றிப்போட்ட தோலுக்குள் தினமும் காலையில் இன்னொருத்தி நுழைந்திருக்கிறாள். கவுனைக் கம்பியில் மாட்டிவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த பிறகு, துடைத்ததற்காக வெட்கப்பட்டான்.

"அவளுக்குன்னு புதுசா..."

"இந்த ரூம்ல அவளுக்குன்னு யாரும் கத்தரிக்கோலைத் தொட்டதே இல்ல," என்றாள் பெர்த்தா. "பதினாலு வருஷம்."

ஃபெல்ட் டாட்டியைப் பார்த்தான். டாட்டி மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"அந்தப் பச்சைக் கோட்டுல ஒரே ஒரு பட்டைதான் இருந்துச்சு பாஸ்."

"ஆமா. வெர்னா பேர் மட்டும். அவ பேர் மட்டும் இருக்கற துணி இந்த ஸ்டூடியோவிலேயே கிடையாது. அப்படீன்னா அது அவ கோட்டு இல்ல."

பெர்த்தா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "டெல்ஃபினோடது. தைச்சு மூணு வாரம்கூட ஆகல. சனிக்கிழமை போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டா. திங்கக்கிழமை விடியறப்ப பென்ஃபீல்ட் வந்து, டாலிவர் பட்டை ஒண்ணு குடுன்னான். குடுத்தேன்."

"கேட்டா சாட்சி சொல்லுவியா?"

"சொன்னா இந்த ஊர்ல எந்த ஸ்டூடியோவும் என்னை வாசல்கூடப் பெருக்க விடாது. என் புருஷனுக்கு நுரையீரல் போச்சு. நீ சொல்லு, சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று ஃபெல்ட் கையசைத்தான். "உன் பேர் என் வாயில வராது. ஒண்ணு மட்டும் சொல்லு. தைச்சது உன் பொண்ணுங்களா?"

"பச்சைக்கு நீல நூல் கோக்கறவளை நான் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

வெளியே வந்ததும் டாட்டி சொன்னாள், "பென்ஃபீல்ட் அந்தக் கொழுத்த விரலால ஊசி கோக்கறதை நினைச்சுப் பாருங்க. கோட்டுல கொஞ்சம் அவன் ரத்தமும் இருக்கும், தேடுங்க."

"மூணு மணி ஆச்சு. வெர்னா எங்க?"

"ஆறாம் நம்பர் தளத்துல நடிச்சுக்கிட்டிருக்கா."

"இன்னிக்கா? நாலு மணிக்குக் கொலைக்குக் கையெழுத்துப் போடப் போறவளா?"

"அந்த ஷாட்டை முடிச்சிட்டுத்தானே போகணும். படம் நிக்கக் கூடாதில்ல பாஸ்?"

*

வெர்னா டாலிவர் ஒரு ஸ்டூடியோ விளக்குக் கம்பத்திடம் பேசிக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் ஹேல் ஊரில் இல்லாததால் கம்பத்தின் தலையில் அவள் தொப்பியை மாட்டியிருந்தார்கள். கையில் தேநீர்த் தட்டு, தலையில் வேலைக்காரியின் வெள்ளைக் குல்லாய்.

"நீங்க அழாதீங்கம்மா," என்றாள் கம்பத்திடம். "உங்களுக்காக நான் எதுவேணா செய்வேன்."

கண் கலங்கியது, தட்டு ஆடவில்லை. "கட்" என்றார்கள். யாரும் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் அட்டைச் சுவருக்குப் பின்னால் போய் ஒரு கித்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிகளின் முதுகில் பெயர்கள். அவளுடையதில் 'நடிகர்' என்று மட்டும். மடியில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அவிழ்ந்திருந்த பாவாடை ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தாள். கறுப்புப் பாவாடை, நீல நூல், நீள நீளமான தையல்.

ஃபெல்ட் அதைப் பார்த்தபடியே நின்றான். அவன் மனதில் இவ்வளவு நேரம் ஊசி பிடித்துக்கொண்டிருந்த பென்ஃபீல்ட் எழுந்து போய்விட்டான்.

"எல்லாத்துக்கும் நீலம்தானா?"

அவள் நிமிர்ந்தாள். "இருட்டுல ஊசி கோக்கறப்ப நீலம்தான் கண்ணுக்குத் தெரியும். நீங்க யாரு? பக்கத்துப் படத்துப் பிணமா?"

"இங்கா அனுப்பின பிணம்."

வெர்னாவின் கை நின்றது. "அவகிட்ட சொல்லிடுங்க, எல்லாம் பேசியாச்சுன்னு. வக்கீல் இருக்காரு. இருட்டு, வண்டியில விளக்கு இல்ல, விபத்து. ஜெயில்கூட இருக்காது. வசந்தம் வரைக்கும் வெளியில தலை காட்டாம இருக்கணும், அவ்வளவுதான்."

"வசந்தம் வந்தா?"

அவள் தயங்கினாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். பதினாலு வருடம் அடக்கி வைத்தது, முகத்தில் தானாக மலர்ந்துவிட்டது. "கலங்கரை மணமகள். கதாநாயகி நான். அதுவரைக்கும் படத்தை எடுக்காம நிறுத்தி வெச்சிருப்பேன்னு மிஸ்டர் பென்ஃபீல்ட் வாக்குக் குடுத்திருக்காரு."

டாட்டி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"கோட்டுல பட்டையைத் தைச்சது நீங்கதானே?" என்றான் ஃபெல்ட்.

"அவர் கொண்டுவந்து குடுத்தாரு. தைச்சேன்."

"டெல்ஃபின் பேரை ஏன் பிரிச்சீங்க? அதை அடியில விட்டுட்டு மேல உங்க பேரைத் தைச்சிருந்தா, கழிச்சுப் போட்ட கோட்டுன்னு எல்லாரும் நம்பியிருப்பாங்க. நானும்தான். இந்த வழக்கம் உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

வெர்னா நூலை விரலில் சுற்றினாள். "தெரியும். தைக்க உக்காந்தேன். ஒரு தடவையாவது அடியில எவ பேரும் இல்லாம இருக்கட்டும்னு தோணிச்சு. யாரு பார்க்கப்போறான்னு பிரிச்சிட்டேன்."

அதற்காக அவளைத் திட்ட வேண்டும் என்று ஃபெல்ட் நினைத்தான், முடியவில்லை. ஒரு மனிதர் மேல் காரை ஏற்றிக் கொன்ற பழியைப் பிறந்தநாள் பரிசு மாதிரி பொட்டலம் கட்டி இவளிடம் நீட்டியிருக்கிறார்கள். இவளும் கயிற்றை ஆசையாக அவிழ்த்திருக்கிறாள். நீட்டியவன் மேல் வந்த அருவருப்பில் கொஞ்சம் இவள் மேலும் தெறித்தது. அதை அவன் மறைத்துக்கொள்ளவில்லை.

"செத்தவர் பேர் தெரியுமா?"

"முட்டைக்காரர்னு..."

"சிப்ரியானோ லூனா. மூணு பொண்ணுங்க. நாப்பது நிமிஷம் ரோட்டுல உயிரோட கிடந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் பதிலா ஸ்டூடியோவுக்குப் போன் போட்டிருக்காங்க." ஆஸ்பத்திரிச் சீட்டை அவள் மடியில் வைத்தான்.

"இல்லையே. உடனே போயிட்டாருன்னு சொன்னாங்களே."

"படத்தை நிறுத்தி வெச்சிருக்கோம்னும் சொன்னாங்க. அந்தப் படத்தோட கல்யாண கவுனைக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் பார்த்தேன், பாதி வெட்டியாச்சு. டெல்ஃபின் பொம்மை மேல தொங்குது. திங்கக்கிழமை ஷூட்டிங். கதாநாயகி நீங்கன்னா, உங்களை யாராவது அளவெடுத்தாங்களா?"

உள்ளிருந்து வெர்னாவைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்த் தட்டை எடுத்தாள். மறுபடி கம்பத்திடம், "நீங்க அழாதீங்கம்மா," என்றாள். தட்டில் கோப்பை கடகடவென்று ஆடியது. பதினாலு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஷாட் அவளால் வீணாயிற்று.

மூன்றரைக்கு லூத்தர் பென்ஃபீல்ட் வந்தான். கோட்டுப் பொத்தானில் ஒரு வெள்ளைப் பூ. "கிளம்பலாமா கண்ணு? கார் நிக்குது. இந்தப் பிணம் இங்க என்ன பண்ணுது?"

"ஈ ஓட்டுது," என்றாள் டாட்டி.

வெர்னா குல்லாயைக் கழற்றவில்லை. "மிஸ்டர் பென்ஃபீல்ட், மணமகள் படத்துக்கு என்னை எப்ப அளவெடுப்பாங்க?"

"அளவா?" அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். யோசிக்கக்கூட இல்லை, வழக்கமாக வாயில் வருவது வந்தது. "அதுக்கென்ன இப்ப? டெல்ஃபினோடது ஏதாவது இருக்கும். கொஞ்சம் பிரிச்சு விட்டா உனக்குச் சரியாப்போயிடும்."

வெர்னா அவன் பொத்தான் பூவைப் பார்த்தாள். பிறகு தகரப் பெட்டியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள். ஃபெல்ட் பக்கம் திரும்பவே இல்லை.

"போச்சு பாஸ்," என்றாள் டாட்டி. "கையெழுத்துப் போடத்தான் போறா."

*

அரசு வக்கீலின் அறை வாசலில் இங்கா நின்றுகொண்டிருந்தாள். ஃபெல்ட்டின் நெஞ்சைப் பார்த்து அலறப்போனவளை டாட்டி தடுத்து, "சாக்லேட்டும்மா, சாக்லேட்," என்றாள். மூவரும் மல்வியின் பின்னாலேயே நுழைந்துவிட்டார்கள். மேசை மேல் பச்சைக் கோட்டு, அதே நரி.

எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை அரசு வக்கீல் படித்து முடித்தார். நல்ல நடையில் எழுதியிருந்தது. பென்ஃபீல்டின் ஆட்கள் எழுதியதாயிற்றே.

"எல்லாம் சரிதானே, மிஸ் டாலிவர்? இங்க கையெழுத்து."

பென்ஃபீல்ட் பேனாவைத் திறந்து நீட்டினான். வெர்னா அதை வாங்கி மேசை மேல் வைத்தாள்.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது," என்றாள்.

பென்ஃபீல்ட் சிரித்தான். "பதட்டத்துல பேசறா. பாவம், இவ கார் ஓட்டினதை நாடே பார்த்திருக்கு!"

"ஆமா, நானும் பார்த்தேன்," என்றார் மல்வி.

"கீழ கார் நிக்குது சார்ஜன்ட். சாவியைக் குடுங்க. எதை மிதிச்சா ஓடும், எதை மிதிச்சா நிக்கும்னுகூட எனக்குத் தெரியாது. பின்னால ரெண்டு பேர் ஆட்டினாத்தான் நான் ஓட்டுவேன்."

பென்ஃபீல்ட் குனிந்து அவள் காதருகில் மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அறை சின்னது. "யோசிச்சுப் பேசு. இந்த ஊர்ல இனிமே உனக்கு ஒரு கதவுகூடத் திறக்காது."

"கதவு திறக்கறது என் வேலைதானே? அறுபது படத்துல திறந்தாச்சு."

அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து கொஞ்சம் அகலமான ஒரு வெள்ளைப் பட்டையை எடுத்தாள். அதன் ஓரத்தில் பச்சைக் கம்பளி இழைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. டி. ஹேல். கோட்டின் கழுத்தைப் புரட்டி, தன் பெயருக்கு மேலே அதை வைத்து அழுத்தினாள். ஃபெல்ட் குனிந்து பார்த்தான். துணியில் இருந்த ஊசித்துளைகள் ஒவ்வொன்றும் பட்டையின் துளைகளோடு நேராக வந்து நின்றன.

"எங்க ஸ்டூடியோவுல எந்தப் பேரையும் தூக்கி எறியக் கூடாது," என்றாள் அரசு வக்கீலிடம். "அது வழக்கம். இந்தக் கோட்டை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்ல. திங்கக்கிழமை காலையில இதை என்கிட்ட கொண்டுவந்து குடுத்தவர் இதோ நிக்கறாரு. அவரைக் கேளுங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி முதல் போன் யாருக்கு வந்துச்சுன்னு."

பென்ஃபீல்டின் பூ மட்டும் நிமிர்ந்திருந்தது. அரசு வக்கீல் வாக்குமூலத்தை எடுத்து நடுவில் கிழித்தார். புதுக் காகிதம் ஒன்றை இழுத்துப் போட்டார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. உங்க பேர்?"

"அது அப்புறம்," என்றாள் வெர்னா. "முதல்ல அவர் பேரை எழுதிக்குங்க. சிப்ரியானோ லூனா."